ஈசான மூலைப் பிள்ளையார்

உட்காருங்க ஐயரே. வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னெண்டு வரைக்கும். அதுவரைக்கும் நீங்களும் ஒண்ணும் பண்ண முடியாது, அவங்களும் ஒண்ணும் பண்ண முடியாது. கும்பத்தை இந்தப் படி மேல வையுங்க. ஆனா ஒண்ணு, ராகு காலம் முடிஞ்சாலும் நான் இந்த மேடையை விட்டு எழுந்திருக்கப் போறதில்லை. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் பாக்கியம் ஏமாத்திட்டான்னு நீங்க சொல்லக் கூடாது.

அதோ கடப்பாரையோட நிக்கறாங்களே, அவங்க உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க. நீங்க மந்திரம் சொல்லி, பிள்ளையாரோட சக்தியைக் கும்பத்துல இறக்கி எடுத்துக்கிட்டாத்தான் மேடையை இடிப்பாங்களாம். அதுக்கு முன்னால என்ன கொடுத்தாலும் தொட மாட்டோம்னுட்டாங்க. நல்ல பசங்க. பயம் இருக்கு. பயம் இல்லாத ஆளு ஒருத்தர் இருக்காரு. அந்த மஞ்சள் தொப்பி, வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கறாரே, அவருதான். பேரு அறிவழகன். இன்ஜினியர். இடிக்கச் சொன்னவரு அவருதான்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஐயரே. என் பொண்ணு மோனிஷா இந்தக் காலேஜ்லதான் படிக்கறா. இப்போ, நாம பேசிக்கிட்டிருக்கற இந்த நிமிஷம், கீழ லைப்ரரியில உட்கார்ந்திருக்கா. கீழன்னா தரைக்கும் கீழ. அந்தச் சரிவு தெரியுதா, கார் இறங்கற சரிவு? அதுல இறங்கினா ஒரு கண்ணாடிக் கதவு. அதுக்குள்ள. பிள்ளையாரை இங்கேருந்து எடுத்துட்டா என் பொண்ணுக்கு யாரு காவல்? யாராவது இதுக்குப் பதில் சொல்லட்டும். நான் எழுந்துக்கறேன்.

நான் இங்க ஐ.டி. கம்பெனி இருந்தப்பவே வேலை பார்க்கறேன். கூட்டற, துடைக்கற வேலை. இப்போ சூப்பர்வைசர்னு பேரு. துடைப்பம் பிடிச்ச கைக்கு ஒரு பேட்ஜ் குத்திவிட்டாங்க, அவ்வளவுதான். கம்பெனி அப்போ ஜேஜேன்னு இருக்கும். ராத்திரி பகல் கிடையாது. அப்புறம் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்னு ஆச்சு. ஒரு நாள் நாற்காலிங்களை லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. கட்டடம் சும்மா கிடந்தது. புறா குடும்பம் நடத்திச்சு. அதுக்கப்புறம்தான் கரஸ்பாண்டென்ட் ஐயா வாங்கிக் காலேஜ் ஆக்கினாரு. மீட்டிங் ரூம் எல்லாம் வகுப்பறை. மேனேஜர் ரூம்ல பிரின்சிபால். கார் நிறுத்தின இடம் லைப்ரரி. எனக்குப் பழைய வேலையே கிடைச்சுது, மோனிஷாவுக்கு ஃபீஸ் இல்லாம சீட்டும் கொடுத்தாங்க. நான் எட்டாவதோட நின்னவ ஐயரே. என் பொண்ணு பி.காம்.

சீட்டு கிடைச்ச அன்னிக்கே இந்தக் கட்டடத்தை ஒரு சுத்து சுத்திப் பார்த்தேன். சுத்திலும் கண்ணாடி, ஒரு ஜன்னல் திறக்காது. லிப்ட் பாதியில நின்னா என்ன பண்றது? போதாததுக்கு, தாழையேரின்னு ஊர் பேரே சொல்லுது, ஏரி இருந்த இடம்னு. சொன்னா மோனிஷா சிரிக்கறா. "எத்தனை ஆயிரம் பேர் வேலை பார்த்த இடம்மா, அவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?"ங்கறா. "அவங்க சம்பளத்துக்கு வந்தவங்க, நீ எனக்குப் பொறந்தவ"ன்னேன்.

அப்போதான் ஒரு நாள் கவனிச்சேன். இவ்வளவு பெரிய வளாகம், ஒரு பிள்ளையார் இல்லை. கம்பெனிக்காரன் வைக்கலை. அவனுக்கென்ன, பொண்ணையா படிக்க அனுப்பினான்? நேரா போய் கரஸ்பாண்டென்ட் ஐயா முன்னால நின்னேன். "ஐயா, பொம்பளைப் பிள்ளைங்க படிக்கற இடம், ஒரு பிள்ளையார் வேணாமா?"ன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "இது எனக்குத் தோணலையேம்மா"ன்னாரு. வாஸ்து பார்க்கற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு. அந்த மனுஷன் சுத்திச் சுத்தி வந்து, இதோ இந்த மூலையில வந்து நின்னாரு. "ஈசான மூலை நல்லா தாழ்ந்திருக்கு, வளாகத்துத் தண்ணி எல்லாம் இங்கதான் வருது, இதைவிட விசேஷமான இடம் கிடையாது"ன்னாரு.

விசேஷம்தான். ஆனா பார்க்கத்தான் அசிங்கமா இருந்தது. கட்டில் அகலத்துக்கு ஒரு இரும்புக் கம்பி மூடி. அதுக்கு அடியில வடிகால். மழை பெஞ்சா தண்ணி எல்லாம் இங்க வந்து, மதிலுக்கு அடியில புகுந்து, அந்தப் பக்கம் கால்வாய்க்குப் போயிடும். பாசி, தவளை, சாக்கடை நாத்தம். அதை மூடி மேடை கட்டி, மேல கிரானைட் போட்டதும் இந்த மூலைக்கே ஒரு களை வந்துட்டுது.

இதைக் கட்டறப்போதான் அறிவழகன் வந்து நின்னாரு. வேலைக்கு வந்த முதல் வாரம். கருப்புச் சட்டை. அப்பவே எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு ஆளு எந்தப் பக்கம்னு.

"அக்கா, இங்க வேணாம். வேற எங்க வேணா கட்டுங்க. கேட் பக்கத்துல கட்டுங்க, நானே செங்கல் தூக்கித் தர்றேன். இந்த இடம் மட்டும் வேணாம்"னாரு.

தந்திரத்தைப் பாருங்க. சாமி இல்லைங்கறவரு எதுக்குச் செங்கல் தூக்கறாரு? நான் சும்மா விடலை.

"தம்பி, நீங்க கோயிலுக்குப் போவீங்களா?"

"போக மாட்டேன்க்கா."

"அப்புறம் கோயில் எங்க கட்டணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. கரஸ்பாண்டென்ட் ஐயாவே சிரிச்சாரு. "அறிவழகன், உங்க கொள்கையை எல்லாம் வேலைக்குள்ள கொண்டுவராதீங்க"ன்னாரு. இவரு விடலை. "சார், இது கொள்கை இல்லை, வாட்டம். தண்ணி இந்தப் பக்கம் ஓடற மாதிரிதான் தரையே போட்டிருக்காங்க. இதை மூடினா அது திரும்பி எங்க போகும்? சரிவுல இறங்கி லைப்ரரிக்குள்ள போகும். முன்ன அங்க கார் இருந்தது, இப்போ பிள்ளைங்க இருக்காங்க"ன்னாரு. கருப்புச் சட்டைக்காரங்களுக்குப் பேசக் கத்துக் கொடுக்கணுமா? நாங்க கேட்டுக்கிட்டே நின்னோம். அப்புறம் மேடையைக் கட்டிட்டோம்.

கடைசியில கெஞ்சிக் கூத்தாடி, மேடைக்கு அடியில ஒரு குழாய் மட்டும் போட்டுக்கிட்டாரு. இதோ, என் கால் பக்கத்துல இருக்கே, இந்த வாய்தான். "இதையாவது அடைக்காம பார்த்துக்கங்கக்கா. உங்களை நம்பித்தான் விடறேன்"னாரு. எதுக்கு என்கிட்ட? எனக்குத்தான் பொறுப்பு இருக்குன்னு அவருக்கே தெரியும்.

பார்த்துக்கிட்டேனா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. தினம் காலையில முதல் வேலை இந்த மேடையைக் கழுவறதுதான். அப்புறம் மதிலுக்கு வெளிய போய் எருக்கம்பூ பறிச்சிட்டு வந்து மாலை கட்டுவேன். இந்தக் கூடையைப் பாருங்க, இன்னிக்குப் பறிச்சது. வாழை நார்ல கட்டினா சாயங்காலத்துக்குள்ள அறுந்துடுது. மாலை அறுந்து விழுந்தா குடும்பத்துக்கு நல்லதில்லையே. அதனால நைலான் நூல். கம்பெனிக்காரங்க விட்டுட்டுப் போன சாமான்ல ஒரு பெரிய உருண்டை கிடந்தது, நல்ல நீலம். யானை இழுத்தாலும் அறாது.

பழைய மாலையை என்ன பண்றதுன்னு கேப்பீங்க. குப்பையில போட முடியுமா? நாலு பேர் கால் படும். ஓடற தண்ணியில விடணும்னு உங்களை மாதிரி ஐயருங்கதான் சொல்லியிருக்கீங்க. இந்தச் சிமென்ட் காட்டுல ஓடற தண்ணிக்கு நான் எங்க போவேன்? இந்தக் குழாய்தான். மேடை கழுவற தண்ணியோட மாலையை வாயில வச்சு, துடைப்பக் கட்டையால ஒரு தள்ளு. போயிடும். ஒரு நாள் தவறினதில்லை ஐயரே. காய்ச்சல் அடிச்ச அன்னிக்குக்கூட வந்து செஞ்சேன். அந்தப் பலன்தான் என் பொண்ணைக் காப்பாத்திச்சு.

போன ஐப்பசியில. காலையில பிடிச்ச மழை. நான் ரெண்டாவது மாடியில துடைச்சிக்கிட்டிருந்தேன். கண்ணாடி வழியா கீழ பார்க்கறேன், வளாகமே தாம்பாளத்துல தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு. பார்த்துக்கிட்டே இருக்கேன், அந்தத் தண்ணி ஒரு பக்கமா நகருது. சரிவுப் பக்கம். அப்படியே மடை திறந்த மாதிரி உள்ள இறங்குது.

எப்படி ஓடினேன்னு தெரியாது. சரிவுல இறங்கிக் கதவுகிட்ட போறப்போ தொடை வரைக்கும் தண்ணி. கதவுக்கு அந்தப் பக்கம் பொண்ணுங்க. கண்ணாடியில கையை வச்சுத் தள்ளறாங்க, வரிசையா உள்ளங்கையா தெரியுது. அது வெளிப் பக்கமா திறக்கற கதவு ஐயரே. வெளிய தண்ணி அழுத்துது, அசையலை. உள்ளேயும் இடுக்கு வழியா ஏறிக்கிட்டிருக்கு, லைட் அணைஞ்சுபோச்சு. மோனிஷா முன்னால நிக்கறா. என்னைப் பார்த்துச் சிரிக்கறா. அம்மா பயப்படக் கூடாதாம், அதுக்காகச் சிரிக்கறா. அவ வாய் சிரிக்குது, முகவாய் நடுங்குது. நான் கதவைப் பிடிச்சு இழுக்கறேன், விரல் நகம் பேந்து போச்சு, கதவு வரலை.

அப்போ அறிவழகன் வந்தாரு. தீ அணைக்கற சிவப்பு உருளை இருக்குல்ல, அதைத் தோள்ல தூக்கிக்கிட்டு. கதவுக்கு மேல இருக்கற கண்ணாடியை அதால குத்தி உடைச்சாரு. நாற்காலி போட்டு ஏறச் சொல்லி, ஒவ்வொரு பொண்ணா அந்த ஓட்டை வழியா வெளிய இழுத்தாரு. மோனிஷா கடைசியா வந்தா. எல்லாரையும் ஏத்திவிட்டுட்டுத்தான் வந்தா, கழுதை. அவரு கை முழுக்கக் கண்ணாடி கிழிச்ச ரத்தம். இன்னும் தழும்பு இருக்கு, கிட்ட வந்தா பாருங்க.

அவரு எப்படிச் சரியா அந்த நேரத்துக்கு வந்தாரு? யாரு அனுப்பினாங்க? நான் சொல்லணுமா?

மேல ஏறி வந்து பிள்ளையாரைப் பார்த்தேன். தண்ணி சரியா அவரு பாதத்துல நிக்குது. ஒரு விரக்கடை தாண்டலை. அறிவழகன் என் பக்கத்துல வந்து நின்னாரு. "பார்த்தீங்களா தம்பி, பாதத்தோட நின்னுடுச்சு"ன்னேன். அவரு இந்த மேடையையே பார்த்துக்கிட்டு நின்னாரு. ஆளு மனசு மாறிட்டாருன்னு நினைச்சு, நானே அவரு நெத்தியில விபூதி வச்சுவிட்டேன். தட்டலை.

ஆனா மாறலை. அடுத்த நாளே கரஸ்பாண்டென்ட் ஐயா ரூமுக்குள்ள போயிட்டாரு. மேடையை எடுத்தே ஆகணுமாம். பிள்ளையாருக்குக் கேட் பக்கத்துல புதுசா இடமாம். இந்தத் தடவை ஐயா சிரிக்கலை. "செஞ்சிடுங்க"ன்னுட்டாரு. சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகுது. இடிக்க ஆளுங்க பயந்தாங்க, ஐயர் கிடைக்கலை, நாள் சரியில்லைன்னு நானும் தள்ளிக்கிட்டே வந்தேன். இப்போ மறுபடியும் ஐப்பசி.

என் பொண்ணே அவங்க பக்கம். நேத்து சோறு போட்டுக்கிட்டிருக்கேன், கேக்கறா.

"அம்மா, கம்பெனி இருந்தப்போ கீழ தண்ணி நின்னுதா?"

"கார் டயர் நனையும். கொஞ்ச நேரத்துல வடிஞ்சுடும்."

"அப்போ பிள்ளையார் இருந்தாரா?"

"இல்லை."

"அப்புறம்?"

"அப்புறம் என்னடி அப்புறம்? அப்போ காலம் நல்லா இருந்தது. சாப்பிடு"ன்னேன். காலேஜ்ல சேர்த்தா இதான், பெத்தவளுக்கே பரீட்சை வைக்குதுங்க. கீழ போய் உட்காராதடின்னாலும் கேக்கறதில்லை. வீடு ஒரே ரூம், அவங்கப்பா டிவியை அணைக்க மாட்டாரு, அவ எங்க உட்கார்ந்து படிப்பா? பரீட்சை நெருங்குது.

தூறல் விழுது. கும்பத்து மேல துண்டைப் போடுங்க ஐயரே. வானத்தைப் பார்த்தீங்களா, அந்த மூலை மையா இருக்கு.

என்ன தம்பி? கேக்குது, கேக்குது, கத்தாதீங்க. ராகு காலம் முடியட்டும். வாங்கன்னா உடனே வர்றதுக்கு ஐயர் என்ன உங்க கொத்தனாரா? நீங்க சொல்லுங்க ஐயரே. இல்லை, நீங்க பேசாம இருங்க, நான் பேசிக்கறேன்.

சட்டுனு பிடிச்சிட்டுது. இப்படி உள்ள தள்ளி உட்காருங்க, சாரல் அடிக்குது. இது பெய்யற மழை இல்லை, கொட்டற மழை. போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒண்ணும் ஆகாது. பிள்ளையார் இருக்காரு. நான் இருக்கேன்.

மோனிஷாவுக்கு ஒரு போன் போட்டுடறேன். மேல வந்துடுன்னு சொல்லிட்டா நிம்மதி.

அடிக்குது, எடுக்கலை. லைப்ரரியில சத்தம் வராம போட்டு வச்சுடுவா. படிக்க உட்கார்ந்தா இடி விழுந்தாலும் தெரியாது அவளுக்கு.

தண்ணி இங்கதானே வருது ஐயரே? வரட்டும். எல்லாத் தண்ணியும் ஈசானத்துக்குத்தான் வரணும். வந்து, இந்தக் குழாய் வழியா போகணும். போகுதா? எனக்குக் கண் சரியா தெரியலை, நீங்க பாருங்க. சுழிச்சிக்கிட்டு உள்ள போகணுமே. சுழிக்கலையே. வந்து நிக்குது. என் கால் பக்கம் பூ மிதக்குது, பாருங்க, இந்த எருக்கம்பூ, அதே இடத்துல நிக்குது. இப்போ நகருது. அந்தப் பக்கம் போகுது. ஏன் அந்தப் பக்கம் போகுது?

சரிவுப் பக்கம் போகுது ஐயரே.

இன்னும் எடுக்கலை. எடுடி. எடு.

ஐயரே, எழுந்திருங்க. கும்பத்தை எடுங்க. மந்திரத்தை ஆரம்பிங்க. ராகு காலமா? இருக்கட்டும். என் பொண்ணு கீழ இருக்கா, ராகுவை நான் பார்த்துக்கறேன். வர்ற பாவமெல்லாம் என் தலையில வரட்டும், நீங்க சொல்லுங்க. சுருக்கமா இருந்தா போதும், பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டாரு, அவருக்குத் தெரியும். இதோ பாருங்க, நான் எழுந்துட்டேன். தம்பி, அறிவழகன் தம்பி, நான் எழுந்துட்டேன், வாங்க. யாராவது ஒருத்தர் கீழ ஓடுங்க, கதவைத் திறந்து பிடிச்சுக்கங்க, தண்ணி ஏறறதுக்குள்ள. கதவை விடாதீங்க. நீங்க வேற எதுவும் நினைக்காதீங்க ஐயரே, பிள்ளையாருக்குப் பாதம் நனைஞ்சா நல்லா இருக்காது, அதுக்காகத்தான் சொல்றேன்.

முடிஞ்சுதா? பிள்ளையாரை என்கிட்ட கொடுங்க. போன வருஷத் தண்ணியிலேயே அடியில ஒட்ட வச்ச மருந்து இளகிட்டுது, சும்மா அசைச்சா வந்துடுவாரு. கீழ வைக்காதீங்க. இடுப்புல வச்சுக்கறேன். கனமாத்தான் இருக்காரு. மோனிஷாவையும் இப்படித்தான் தூக்கிட்டு அலைஞ்சேன்.

போடுங்கப்பா. பயப்படாம போடுங்க. அவரு என் இடுப்புல இருக்காரு, உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாரு. கிரானைட் போனா போகட்டும். அந்தக் கல்லுப் பலகையைத் தூக்குங்க. இன்னும். இன்னும்.

தம்பி கையை உள்ள விடறாரு. தழும்பு உள்ள கை. எதையோ பிடிச்சு இழுக்கறாரு. வருது. என்னது அது, பாம்பா? பாம்பு இல்லை. கறுப்பா, கயிறு மாதிரி, இழுக்க இழுக்க வருது. அழுகின பூ. நூல். முடியவே மாட்டேங்குது, பந்து பந்தா.

அந்தச் சத்தம் கேட்டீங்களா ஐயரே? யானை தண்ணி உறிஞ்சற மாதிரி. போகுது. சுழிச்சிக்கிட்டுப் போகுது. சரிவுத் தண்ணிகூட நின்னு இந்தப் பக்கம் திரும்புது, பாருங்க. பிள்ளையார்தான் குடிக்கறாரு. நான் சொல்லலை?

அந்த நூலை மழை கழுவுது. நீலமா இருக்கு.

யாரு இதையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டாங்களோ. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு பொறுப்பு கிடையாது. ஐயரே, அந்தப் பூக்கூடையைக் கொஞ்சம் உங்க பக்கம் தள்ளி வையுங்க. ஆமா, உருண்டையோடத்தான். உங்க துண்டை அது மேல போடுங்க. நனைஞ்சுடும், அதான்.

வந்துட்டா. மோனிஷா வந்துட்டா. கணுக்கால் வரைக்கும்தான் நனைஞ்சிருக்கு, பாருங்க, கணுக்கால்தான். புத்தகத்தை நெஞ்சோட பிடிச்சிக்கிட்டு வர்றா. இங்க வாடி. ஏன் அங்கேயே நின்னுட்டா? தம்பி கையில இருக்கறதையே பார்க்கறா. இப்போ உங்க துண்டைப் பார்க்கறா. என்னைப் பார்க்கறா. வேற பக்கம் பார்க்க மாட்டேங்கறா.

தம்பி ஏதோ கேக்கறாரு. மழையில சரியா விழலை. என்ன தம்பி?

"சாமி மாலைக்கா. குப்பையில போடக் கூடாதுல்ல? கால் படாத இடமா நீங்களே சொல்லுங்க, எங்க போடட்டும்?"

நல்ல விதமாத்தான் கேக்கறாரு ஐயரே. என்னைத்தான் கேக்கறாரு. என் இடுப்புல பிள்ளையார் கனக்கறாரு. நீங்க சொல்லுங்களேன்.